ஸ்பான்ஜுக்கு மரம் சொன்ன பதில்

1952 பிப்ரவரி. பம்பாய், பிரபோர்ன் ஸ்டேடியம். ஆசியாவில் முதன்முதலாக நடந்த உலக டேபிள் டென்னிஸ் போட்டி அது. ஜப்பானியர் அதற்கு முன் உலகப் போட்டிக்கு வந்ததே கிடையாது. வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒல்லியான ஒருவர், ஹிரோஜி சாடோ. தம் நாட்டிலேயே அவர் முதல் வரிசை நட்சத்திரம் இல்லை. ஆனால் அவர் கையிலிருந்த பேட்டைப் பார்த்துத்தான் எல்லோரும் திகைத்தார்கள். மரப் பலகையின் மேல் தடித்த ஸ்பான்ஜ் ஒட்டியிருந்தது. பந்து பட்டால் சத்தமே எழவில்லை.

அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பாதி ஆட்டத்தைக் காதால் ஆடினார்கள். எதிரே நிற்பவர் பேட்டில் பந்து மோதும் 'டொக்'கை வைத்தே அது எவ்வளவு வேகத்தில் வரும் என்று கணக்குப் போடுவார்கள். சாடோவிடம் அந்தக் கணக்கு தப்பிப்போனது. பந்து அவர் பேட்டுக்குள் புதைந்து, ஒலியில்லாமல் வெளிவந்து, நினைத்ததைவிட வேகமாகப் பாய்ந்தது. பட்டம் வாங்குவார் என்று பேசப்பட்ட அமெரிக்கர் மார்ட்டி ரைஸ்மன் அவரிடம் தோற்றார். இறுதியாட்டத்தில் ஹங்கேரியின் யோசெஃப் கோசியானும் தோற்றார். முதல் முறை வந்த ஜப்பான், ஏழு பட்டங்களில் நான்கை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியது.

இன்று அடித்து ஆடுகிறவர்கள் கையில் இருக்கும் பேட், அதன் ரப்பர் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் மரமும் சேர்த்துச் சொல்கிறேன், அந்தப் போட்டி நடந்த நாட்களில்தான் கருவானது என்பது என் உறுதியான எண்ணம். பிளேடு, அதாவது ரப்பர் ஒட்டும் மரப் பலகை, வாங்கப் போகிறவர்கள் 5 பிளையா 7 பிளையா, லிம்பா மரமா கோட்டோ மரமா, வுட்டா கார்பனா என்று மரத்தைப் பற்றி மட்டும் கேட்கிறார்கள். மரம் தானாக மாறவில்லை. அதன் மேல் ஒட்டிய பொருள் மாறியதால் மாறியது. இந்த வரிசை பிடிபட்டால்தான் பிளேடுகளை ஒப்பிடவே முடியும்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1880களில் இங்கிலாந்தில் சாப்பாட்டு மேசையில் தொடங்கிய விளையாட்டு இது. முதலில் நீண்ட கைப்பிடியில் தோல் இழுத்துக் கட்டிய பேட். பிறகு வெறும் மரம். மரத்தின் மேல் கார்க், உப்புத்தாள் என்று என்னென்னவோ ஒட்டிப் பார்த்தார்கள். 1902ல் ஈ.சி. குட் என்ற ஆங்கிலேயர், மருந்துக்கடையில் சில்லறை வைக்கும் புள்ளி ரப்பர் விரிப்பைப் பார்த்து, அதை வாங்கிவந்து வெட்டிப் பேட்டில் ஒட்டினார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அடுத்த ஐம்பது ஆண்டுகள் புள்ளி ரப்பர்தான் ஆண்டது.

அந்த ரப்பரில் பந்தைச் சுழற்றலாம், ஆனால் அதிகம் முடியாது. வேகமாக அடித்தால் மேசையைத் தாண்டிப் போய்விடும். அதனால் வெட்டி வெட்டித் தடுத்து ஆடுகிறவர் கையே ஓங்கியிருந்தது. 1936ல் பிராகாவில் நடந்த உலகப் போட்டியில் எர்லிக், பானெத் என்ற ஆட்டக்காரர்கள் இருவரும் ஒரே ஒரு புள்ளிக்கு 2 மணி நேரத்துக்கும் மேல் பந்தைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். விளையாட்டே செத்துவிடுமோ என்று பயந்து வலையின் உயரத்தைக் குறைத்தார்கள், நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அடித்து ஆடுகிறவனுக்குச் சட்டம் கைகொடுத்தது. கருவி இன்னும் கைகொடுக்கவில்லை. அந்தக் காலத்து மரத்தையும் இந்த இடத்தில் பார்க்க வேண்டும். சாதாரண ஒட்டுப்பலகைதான். அதன் மேல் மெல்லிய ரப்பர். மரத்தின் வேலை பந்தைத் திருப்பி அனுப்புவது மட்டும். எந்த மரம் என்று யாரும் தலையை உடைத்துக்கொள்ளவில்லை, தேவையும் இல்லை.

ஸ்பான்ஜ் வந்ததும் நிலைமை தலைகீழானது. பந்து பேட்டில் தங்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் ஸ்பான்ஜ் அமுங்குகிறது, பந்து உள்ளே இறங்குகிறது, ரப்பர் அதைப் பற்றிக்கொண்டு மேல்நோக்கி இழுக்கிறது. அப்படி மேலிருந்து முன்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று கீழே அழுத்தும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து வளைந்து மேசையிலேயே வந்து விழும். அடிக்கிறவன் ஐம்பது ஆண்டாகக் காத்திருந்தது இதற்குத்தான். 1954ல் லண்டனிலும் 1956ல் டோக்கியோவிலும் ஜப்பானின் இச்சிரோ ஒகிமுரா உலகப் பட்டம் வென்றார். 1960 வாக்கில் ஜப்பானில் 'லூப்' என்ற அடி பிறந்தது. பேட்டைக் கீழிருந்து மேலே பந்தை உரசிக்கொண்டே இழுக்கும் அடி. இன்று ஊர் மன்றத்துப் பையன்கள்கூடப் பழகும் டாப் ஸ்பின் அதன் பிள்ளை.

நடுவே ஒரு சண்டையும் நடந்தது. ஸ்பான்ஜை முழுக்கத் தடை செய்ய வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். 1959ல் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் நடுவழி கண்டது. வெறும் ஸ்பான்ஜ் கூடாது; மேலே ரப்பர் இருக்க வேண்டும்; ரப்பரும் ஸ்பான்ஜும் பசையும் சேர்ந்து 4 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. சாடோவின் பேட்டுக்கு அதோடு சரி. ஆனால் அந்தச் சட்டம் இன்னொரு கதவைத் திறந்தது. ரப்பருக்கு உச்சவரம்பு வந்துவிட்டதால், கூடுதல் வேகம் வேண்டுமென்றால் மரத்திடம்தான் கேட்க வேண்டும்.

ஜப்பானியர் கொண்டுவந்த முதல் பதில் ஹினோக்கி. கோயில் கட்டும் மரம் அது. நாராவில் இருக்கும் பழைய ஹோர்யூஜி கோயில் ஹினோக்கியில் எழுந்தது. ஒரே பலகை, ஒட்டே இல்லை. 9, 10 மி.மீ. தடிமன். பேனா பிடிப்பது போலப் பிடித்து ஆடுகிறவர்களுக்கானது. இந்த பேட் கடையிலிருந்து வந்தபடியே ஆடுவதற்கு ஏற்றதல்ல. ஆட்காட்டி விரல் கொக்கி போட்டுப் பிடிக்கும் இடத்தையும், கட்டைவிரல் அழுந்தும் ஓரத்தையும் அரமும் உப்புத்தாளும் வைத்து ஆட்டக்காரர் தாமே இழைத்துக்கொள்வார். ஒரு பேட் ஒருவருடைய கைக்கு மட்டுமே. தேய்க்கும்போது அந்த மரத்துக்கே உரிய எலுமிச்சை கலந்த மணம் எழும். ரேகை நெருக்கமாக, நேராக ஓட வேண்டும். அதற்கு வயதான மரம் வேண்டும். மென்மையான மரம் என்பதால் பந்து கொஞ்சம் கூடுதலாகத் தங்குவது போல் கைக்குத் தெரியும். தடிமனான பலகை என்பதால் ஓங்கி அடித்தால் வளையாது. மென்மையும் வேகமும் ஒரே பலகையில். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தென் கொரியாவின் ரியூ சுங்மின் தங்கம் வென்றதும் இதே வகை பேட்டால்தான். கீழே விழுந்தால் ரேகையோடு பிளந்துவிடும் என்பது இதன் ஒரே சாபம்.

ஐரோப்பியர் கை குலுக்குவது போலப் பிடித்து, பேட்டின் இரண்டு பக்கத்தாலும் ஆடுகிறவர்கள். அவர்களுக்கு 10 மி.மீ. பலகை ஒத்துவராது. அவர்கள் சொன்ன பதில் ஒட்டுப் பலகை. ஸ்வீடனின் ஸ்டீகா போன்ற நிறுவனங்கள் மரத்தை மெல்லிய ஏடுகளாக உரித்து, ஐந்து அல்லது ஏழு ஏடுகளை அடுக்கி ஒட்டின; 5 பிளை, 7 பிளை என்பது இதுதான். நடுவில் தடித்த மென்மரம், பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவின் ஆயுஸ். அதன் இருபுறமும் ரேகை குறுக்காக ஓடும் ஓர் ஏடு. வெளியே, ரப்பர் ஒட்டும் இடத்தில் லிம்பா. ரேகையை நெடுக்கும் குறுக்குமாக மாற்றி வைப்பதுதான் சூட்சுமம். பலகை முறுக்கிக்கொள்ளாது, பிளக்காது, 6 மி.மீ. தடிமனுக்குள்ளேயே போதுமான விறைப்பு கிடைத்துவிடும்.

நம்மிடம் தேக்கு இருக்கிறதே, வேங்கை இருக்கிறதே என்று கேட்கலாம். எடைதான் காரணம். தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோ. லிம்பா சுமார் 550. ஆயுஸ் 380தான். ஜப்பானில் கிரி என்று சொல்லும் மரம் 300ஐக்கூட எட்டாது. அடித்து ஆடுகிறவர் விரும்பும் பிளேடு 85 முதல் 90 கிராம். இரண்டு பக்கமும் ரப்பர் ஏறினால் அதே அளவு எடை மறுபடி கூடும். முழுக்கத் தேக்கில் செய்தால் பிளேடு மட்டும் 100 கிராமைத் தாண்டிவிடும்; மணிக்கட்டு ஒரு மணி நேரம் தாங்காது. ஆனால் மரத்தின் குரலைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பது நம் காவிரி டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல. தஞ்சாவூர் வீணைக்குப் பலாதான். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு ஆச்சாதான், அதுவும் பழைய வீடுகளில் பல காலம் கிடந்து ஈரம் வற்றிய கட்டை. நாகஸ்வரம் செய்கிறவர் கட்டையைத் தட்டிப் பார்ப்பதைப் போலவே பிளேடு வாங்குகிறவரும் விரல் கணுவால் தட்டிப் பார்க்கிறார். மந்தமாக ஒலித்தால் பலகை வளைந்து கொடுக்கும், பந்தைத் தாங்கும். கீச்சென்று ஒலித்தால் விறைப்பு அதிகம், வேகம் அதிகம். கடைக்காரர் என்ன சொன்னாலும் இந்தச் சோதனை பொய் சொல்லாது.

இந்த இடத்தில் ஒரு பஞ்சர் கடைச் சங்கதி. 1970களின் இறுதியில் யூகோஸ்லாவியாவின் சுர்பெக், ஹங்கேரியின் கிளம்பார் போன்றவர்கள் சைக்கிள் டியூப் ஒட்டும் சொல்யூஷனை ரப்பருக்கு அடியில் தடவினால் ஸ்பான்ஜ் ஊதி இறுகி, பந்து இன்னும் வேகமாகப் பாய்கிறது என்று கண்டுகொண்டார்கள். அதன் பிறகு முப்பது ஆண்டு, ஆட்டத்துக்கு முன் ரப்பரை உரித்துப் புதிதாகப் பசை தடவுவது உலக வழக்கமாகவே இருந்தது. அந்தக் காலத்தில் மிக வேகமான மரம் தேவைப்படவில்லை. பசையே வேகம் தந்தது. பசையின் ஆவி உடம்புக்குக் கேடு என்பதால் 2008 செப்டம்பரில் அதற்குத் தடை வந்தது. அதற்கு முன்பே, 2000ல், பந்து 38 மி.மீ.யிலிருந்து 40 ஆகியிருந்தது. 2014ல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. பெரிய பந்து, குறைந்த சுழற்சி, பசையும் இல்லை. மூன்றும் சேர்ந்து ஆட்டக்காரர்களை விறைப்பான மரத்தின் பக்கம் தள்ளின. மரம் இன்னொரு முறை பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இந்த முறை, ஏற்கெனவே வந்திருந்த கார்பனை அது முழுமூச்சாகத் துணைக்கு அழைத்துக்கொண்டது.

இதற்குச் சட்டம் வைத்த எல்லை நியாயமானது. பிளேடின் தடிமனில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருக்க வேண்டும். நடுவில் வைக்கும் இழை அடுக்கு ஒவ்வொன்றும் மொத்தத் தடிமனில் 7.5 சதவீதத்துக்கோ 0.35 மி.மீ.க்கோ, எது குறைவோ அதற்கு மேல் போகக் கூடாது. அளவுக்கும் வடிவத்துக்கும் எடைக்கும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. பெரிய முறம் அளவு பேட்டோடு வந்து நின்றாலும் நடுவர் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் மரத்தைக் கைவிட முடியாது.

கார்பன் தனியாக வந்தபோது ஆட்டக்காரர்கள் குறைபட்டார்கள். கை மரத்துப்போகிறது, பந்து பட்டதே தெரியவில்லை என்றார்கள். அதனால் ஆரிலேட் என்ற அதிர்வை உறிஞ்சும் இழையைக் கார்பனோடு சேர்த்து நெய்தார்கள். 1990களில் ஜப்பானின் பட்டர்ஃப்ளை வெளியிட்ட விஸ்காரியா அந்த வகையில் புகழ்பெற்றது. வெளியே கோட்டோ, அதற்கு உள்ளே இழை, பிறகு லிம்பா, நடுவில் கிரி, மறுபுறம் அதே வரிசை தலைகீழாக. சீனாவின் ஜாங் ஜிக்கே 2011, 2013 உலகப் பட்டங்களையும் 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கத்தையும் அள்ளியபோது உலகம் முழுக்க இளைஞர்கள் விஸ்காரியா கேட்டார்கள். பிறகு வந்த இன்னொரு வகையில் அதே இழையை நடுமரத்தை ஒட்டி உள்ளே வைத்தார்கள். மெதுவாகத் தொட்டால் அது மரம் போலவே நடந்துகொள்ளும். ஓங்கி அடிக்கும்போது மட்டும் பந்தின் அழுத்தம் உள்ளே போய் இழையை எட்டும், அப்போது அது எகிறும். அடிக்கிறவர் ஒருவர் தமக்கு எந்த பிளேடு என்று முடிவு செய்ய, இழை வெளியிலா உள்ளேயா என்பதுதான் பிராண்டைவிட முக்கியமான கேள்வி.

நம் ஊர் ஆட்டக்காரர்கள் இருவரை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இருவருமே சென்னையில் வளர்ந்தவர்கள். சரத் கமல் நெடிய உடம்புக்காரர். மேசையிலிருந்து ஒரு எட்டு தள்ளி நின்று ஃபோர்ஹேண்டால் ஓங்கி இழுப்பது அவர் பலமாக இருந்தது. 2006 மெல்போர்னில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம்; 16 ஆண்டு கழித்து, 40 வயதில், 2022 பர்மிங்காமில் மறுபடி அதே தங்கம். சத்தியன் ஞானசேகரன் வேறு மாதிரி. மேசையை ஒட்டியே நின்று, பந்து எழும்போதே எடுத்து, எதிராளிக்கு மூச்சுவிட நேரம் தராமல் ஆடுவார். 2019ல் உலக வரிசையில் 24வது இடம் வரை போனார். அதற்கு முன் எந்த இந்தியரும் முதல் 25க்குள் வந்ததில்லை. இருவரும் அடித்து ஆடுகிறவர்கள்தான். ஆனால் தள்ளி நின்று முழுக்கை வீசுகிறவருக்கு வளைந்து கொடுத்துப் பந்தைத் தாங்கும் மரமும், ஒட்டி நின்று சின்ன அசைவில் அடிக்கிறவருக்கு உடனே திருப்பி அனுப்பும் மரமும் வேண்டும். 'அட்டாக்கிங் பிளேடு' என்று ஒரே பெயர் போட்டு விற்பதை நம்பி வாங்குவது இதனால்தான் தவறு.

இனி எங்கள் நாகூருக்கு வருகிறேன். எங்கள் ஊருக்கு வெளிநாட்டுச் சாமான் வந்த வழி கடல்வழி. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜுலா கப்பல் 1973 வரை ஓடியது. சபுராளிகள், அதாவது கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள், திரும்பும்போது பெட்டியில் கைலி, சென்ட், டைகர் பாம் இவற்றோடு எப்போதாவது ஒரு டேபிள் டென்னிஸ் பேட்டும் வரும். அந்தக் காலத்துப் பையன்களுக்கு எந்த மரம் என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பே கிடையாது. வந்ததை வைத்து ஆடினார்கள். இல்லையென்றால் மீரட்டில் செய்த ஸ்டாக் பேட். இன்று போனில் தட்டினால் நூறு பிளேடு கண்ணில் படுகிறது. அதனால் கேள்வியும் மாறிவிட்டது. "நானா (அண்ணா), வுட் வாங்கவா, கார்பன் வாங்கவா?" என்று பையன்கள் வந்து நிற்கிறார்கள்.

நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். டாப் ஸ்பின் கை பழகும்வரை 5 பிளை மரம். வெளியே லிம்பா, நடுவே ஆயுஸ், 6 மி.மீ.க்குள், 90 கிராமுக்குள். கார்பன் பிளேடில் தவறான அடியும் வேகமாகப் போய்விடும். தவறு எங்கே என்று கைக்குத் தெரியாது. மரத்தில் பந்து ஓரத்தில் பட்டால் கைப்பிடி வரை அதிர்வு வரும். சரியாக நடுவில் பட்டால் அதுவும் தெரியும். அந்த அதிர்வுதான் ஆசிரியர். உலகத்தின் பெரிய பட்டங்கள் முழு மரத்தால் வெல்லப்பட்டிருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். 5 பிளையில் போதுமான வேகம் வரவில்லை என்று உண்மையாகவே தோன்றினால் 7 பிளை மரம். அதற்கும் பிறகு இழை உள்ளே வைத்தது. பல மடங்கு விலை கொடுத்து முதல் நாளே விஸ்காரியா வாங்கித் தருகிற தகப்பன்மாரிடம் நான் வருத்தத்தோடு சொல்வதும் இதையேதான்.

கடற்கரை ஊருக்கென்று சில கவனங்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருக்கும். ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்து பந்து வழுக்கும். பையன்கள் மரத்தைக் குறை சொல்வார்கள். மரத்தின் மேல் தப்பில்லை; ஆடும் முன் ரப்பரைச் சுத்தமான துணியால் துடைத்தாலே போதும். ஆனால் ஈரம் மரத்துக்கும் போகும். வியர்வை கைப்பிடி வழியே இறங்கி, ஒட்டின ஏடுகள் ஓரத்தில் வாய் பிளக்கும். புது பிளேடு வந்ததும் ரப்பர் ஒட்டும் முன், மேற்பரப்பிலும் ஓரத்திலும் மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு வார்னிஷ் துணியில் தொட்டுத் தேய்த்து ஒரு நாள் காயவிட வேண்டும். தடிமனாகப் பூசினால் விறைப்பு கூடி, நீங்கள் வாங்கிய மரம் வேறு மரமாகிவிடும்.

பழைய ரப்பரை உரிக்கும்போது அவசரம் கூடாது. கோட்டோவும் லிம்பாவும் சிலாம்பு சிலாம்பாகப் பெயரும். கைப்பிடிப் பக்கம் ஒரு மூலையைத் தூக்கி, ரேகை ஓடும் திசையிலேயே, பலகையோடு படிந்தாற்போல் மெதுவாக இழுக்க வேண்டும். எங்கேயாவது மரம் பெயர்ந்து வருவது தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, எதிர்ப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். பெயர்ந்த சிலாம்பைத் தூக்கிப் போடாமல் ஒரு சொட்டுப் பசை வைத்து அதே இடத்தில் படியவைத்தால் பிளேடு இன்னும் பல ஆண்டு உழைக்கும்.